ஜோக்கர்ஸ் வைல்ட்: பாதியில் பறிபோகும் ஜோக்

கேள்வி (ஜூன் 3, காலை)

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்காரர்களை இரண்டு அணியாக உட்காரவைத்து விளையாடவிட்டது 1990-இல் வந்த 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ'தான் முதல் என்று அடித்துச் சொல்கிறார்கள். அதற்கு வெகு முன்பே 'ஜோக்கர்ஸ் வைல்ட்' என்று ஒன்று இருந்ததாகப் படித்தேன். தேடினால் அமெரிக்காவின் சூதாட்ட எந்திர நிகழ்ச்சிதான் வருகிறது. இரண்டும் ஒன்றா? விதி என்ன? கல்லூரி விழாவில் ஆறு பேரை வைத்து நடத்த முடியுமா?

ஜூன் 3, இரவு

இரண்டும் வேறு வேறு. அமெரிக்காவின் 'தி ஜோக்கர்ஸ் வைல்ட்' 1972-இல் அந்நாட்டின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஜாக் பேரி நடத்தினார். நடுவில் ராட்சதச் சூதாட்ட எந்திரம், அதில் விழும் பிரிவில் பொது அறிவுக் கேள்வி. ஜோக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிரிட்டிஷ் ஜோக்கர்ஸ் வைல்ட் அதற்கு மூத்தது. யார்க்ஷயர் டெலிவிஷன் தயாரித்து ஐடிவியில் (வட்டார நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பிரிட்டிஷ் தனியார் அலைவரிசை) 1969 முதல் 1974 வரை ஓடியது. ரே கேமரனும் மைக் கிங்கும் வடிவமைத்தார்கள். தொகுப்பாளர் பேரி கிரையர். பக்கத்துக்கு மூன்று நகைச்சுவைக்காரர்கள், அடிக்கடி வந்தவர்கள் டெட் ரே, ஆர்தர் ஆஸ்கி, லெஸ் டாசன்.

விதி இவ்வளவுதான். கிரையர் ஓர் அட்டையை எடுத்து ஒரு தலைப்பைத் தருவார். யாருடைய முறையோ அவர் அந்தத் தலைப்பில் ஜோக் சொல்ல வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரணியில் யாருக்காவது அந்த ஜோக் தெரிந்திருந்தால் பஸ்ஸரை அழுத்தி, பஞ்சை, அதாவது சிரிப்பை வரவைக்கும் கடைசி வரியை, அவர் சொல்லிவிடலாம். சொன்னால் புள்ளி அவருக்கு.

விழாவில் நடத்தலாம். ஆனால் ஆறு பேருக்கும் ஜோக் தெரிந்திருந்தால் போதாது. ஒருவருக்குத் தெரிந்த ஜோக் மற்ற ஐவரில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் புத்தம் புது ஜோக்கோடு வந்தால் பஸ்ஸர் ஒருமுறைகூட ஒலிக்காது, ஆட்டமும் இருக்காது.

ஜூன் 4, காலை

பஸ்ஸரை எப்போது அழுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டத்தின் நுணுக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் ஊர் முழுக்கப் புழங்கிய 'டாக்டர், டாக்டர்' வகையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"டாக்டர், எதைக் கேட்டாலும் உடனே மறந்துபோகுது."
"எத்தனை நாளா?"
"எது எத்தனை நாளா?"

முதல் வரி முடிந்ததும் ஒருவர் அழுத்துகிறார் என்று வையுங்கள். அங்கே அழுத்தினால் ஆபத்து. அதே முதல் வரிக்கு இன்னொரு முடிவும் உண்டு: "அப்படின்னா ஃபீஸை முதல்லயே கட்டிடுங்க." சொல்பவர் மனதில் எது இருக்கிறது என்று அந்த இடத்தில் தெரியாது. டாக்டர் "எத்தனை நாளா" என்று கேட்ட கணத்தில்தான் மற்ற வழிகள் அடைபட்டு ஒரே வழி மிஞ்சுகிறது. அழுத்த வேண்டிய இடம் அது. கொஞ்சம் தாமதித்தால் சொல்பவரே பஞ்சைச் சொல்லிவிடுவார். அழுத்தக் கிடைக்கும் இடைவெளி, சன்னல் என்று வையுங்கள், ஒன்று, ஒன்றரை நொடிதான்.

இன்னொரு பக்கம், அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த ஜோக்கை எங்கோ கேட்டவர்கள்தான். தனியாகச் சொன்னால் பழைய ஜோக்குக்கு ஒரு புன்னகை கிடைக்கும், அவ்வளவுதான். அதையே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பிடுங்கும்போது சிரிப்பு ஜோக்கிலிருந்து விலகிப் பறிகொடுத்தவரின் முகத்துக்குப் போகிறது. பழைய ஜோக்கை வைத்தே அரை மணி நேரத்தை ஓட்டும் வழியைக் கேமரனும் கிங்கும் கண்டுபிடித்தார்கள். அதை நான் மிகப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

ஜூன் 4, மதியம்

ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் ஜோக்கர்ஸ் வைல்ட்தான் எல்லாவற்றுக்கும் முதல் என்று தோன்றலாம். அப்படிச் சொல்ல வரவில்லை. நகைச்சுவைக்காரர்கள் மட்டுமே நிரம்பிய பேனல், ஜோக்கே ஆட்டப்பொருள் என்ற வகையில் அது தொலைக்காட்சியில் முன்னோடிகளில் ஒன்று. பேனல் விளையாட்டு என்ற வடிவம் அதற்கு 18 ஆண்டு முன்பே, 1951-இல், பிபிசிக்கு வந்துவிட்டது.

ஜூன் 5

அந்த 1951 கதை. 'வாட்ஸ் மை லைன்?' அமெரிக்காவில் குட்சன், டாட்மன் நிறுவனத்தின் சரக்கு. சிபிஎஸ்ஸில் 1950 பிப்ரவரியில் தொடங்கியது, பிபிசியில் 1951 ஜூலை 16. நடத்தியவர் அயர்லாந்துக்காரர் ஈமன் ஆண்ட்ரூஸ். பேனலில் நால்வர். தொழில் நகைச்சுவைக்காரர்கள் குறைவு: மேடையில் நகைச்சுவை நடிகர்களுக்கு ஈடுகொடுத்துப் பேசும் ஜெர்ரி டெஸ்மண்ட், பிறகு மந்திர வித்தைக்காரர் டேவிட் நிக்சன். ஆனால் மக்கள் உட்கார்ந்து பார்த்தது பேனலில் இருந்த கில்பர்ட் ஹார்டிங்கின் சிடுசிடுப்பை.

ஆட்டம் இப்படி. ஒரு சாதாரண ஆள் வந்து கையெழுத்துப் போடுவார். தன் தொழிலில் செய்யும் ஓர் அசைவை ஊமையாகச் செய்து காட்டுவார். அவர் தொழிலைக் கண்டுபிடிக்கப் பேனல் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்கும். 'ஆம்' வந்துகொண்டிருக்கும்வரை கேட்டவரே தொடரலாம், 'இல்லை' வந்தால் அடுத்தவர் முறை. பத்து 'இல்லை' சேர்ந்தால் வந்தவர் வென்றார், சான்றிதழ் ஒன்றோடு போவார். பீங்கான் தொழிலில் 'சேகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர்' என்று ஒரு வேலை இருந்தது. சூளையில் பாண்டங்களைப் பாதுகாக்கும் மண்பெட்டிக்கு அடிப்பாகத்தைத் தட்டிச் செய்பவர். அந்த ஆள் வந்தது இன்றுவரை பேசப்படுகிறது.

விழா நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது, பேனலுக்குப் போகுமுன் ஹார்டிங் தலைவர் நாற்காலியில், அதாவது நடத்துபவர் இடத்தில், உட்கார்ந்த ஒரு வாரத்தை. வந்த ஆளும் அவர் கையில் இருந்த விவரமும் பொருந்தவில்லை. எதிரே இருந்தவர் மோட்டார் மெக்கானிக், ஹார்டிங் நினைத்துக்கொண்டிருந்தது ஆண் செவிலியர். பேனல் கேட்கும் கேள்விக்கு வந்தவர் ஒன்று சொல்ல, தலைவர் அதை மறுக்க, நேரடி ஒளிபரப்பில் எல்லாம் குழம்பியது. நிறுத்தி மறுபடி எடுக்க முடியாத காலம். அதன்பின் தலைவர் நாற்காலி ஈமன் ஆண்ட்ரூஸுடையதாகவே ஆயிற்று. ஹார்டிங் பேனலுக்குப் போனார், அங்கேதான் புகழ் பெற்றார்.

அட்டை வைத்து ஆடும் எந்த ஆட்டத்துக்கும் இது பொருந்தும். அட்டையின் பின்புறம் எண் போடுங்கள், அதே எண் நிகழ்ச்சி வரிசைத் தாளிலும் இருக்கட்டும். ஆள் வந்து உட்கார்ந்ததும் தலைவர் எண்ணை ஒருமுறை சரிபார்க்கட்டும். மூன்று நொடி வேலை.

ஜூன் 6

"எல்லோருக்கும் தெரிந்த ஜோக் என்றால் அது எப்படி எல்லோருக்கும் தெரிந்தது?" நல்ல கேள்வி.

டெட் ரே, ஆஸ்கி தலைமுறை வெரைட்டி அரங்குகளில், அதாவது பாட்டும் வித்தையும் ஜோக்கும் கலந்த மேடைகளில், வளர்ந்தது. வாரம் ஓர் ஊர், ஓர் இரவில் இரண்டு காட்சி. ஒரே பத்து நிமிடச் சரக்கை ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். லீட்ஸில் சொன்னது பிரைட்டனுக்குப் புதிது. அதே மேடையில் அடுத்தவர் சொல்வதைத் திரைக்கு ஓரத்தில் நின்று நாள்தோறும் கேட்பதால் சக கலைஞர்களுக்குப் பரஸ்பரம் எல்லாச் சரக்கும் மனப்பாடம். வானொலி வந்தது. ஆஸ்கி 1938-இல் 'பேண்ட் வேகன்' மூலம் நாடறிந்தவர் ஆனார். டெட் ரேயின் 'ரேஸ் எ லாஃப்' 1949 முதல் 1961 வரை ஓடியது. பத்து ஆண்டு மேடைச் சரக்கை வானொலி ஒரே இரவில் தின்றுவிடும் என்ற நிலையில் எழுத்தாளர்கள் புகுந்தார்கள். ஆனாலும் கலைஞனின் தலைக்குள் அந்தப் பழைய சேமிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சேமிப்பை நம்பித்தான் ஜோக்கர்ஸ் வைல்ட் நின்றது.

இதற்கு முன்னோட்டம் ஒன்று உண்டு. 'டஸ் த டீம் திங்க்?' என்ற பிபிசி வானொலி நிகழ்ச்சியை ஜிம்மி எட்வர்ட்ஸ் உருவாக்கினார், 1957-இல் தொடங்கியது. அரசியல்வாதிகள் பதில் சொல்லும் 'எனி க்வெஸ்சன்ஸ்?' நிகழ்ச்சியின் பகடி அது. பார்வையாளர் கேள்வி கேட்பார், நகைச்சுவைக்காரர்கள் பதில் சொல்வார்கள். டெட் ரேயும் ஆஸ்கியும் அங்கே பழகியவர்கள்.

இன்னும் பின்னால் போனால் அமெரிக்க வானொலியில் 1940-இல் தொடங்கிய 'கேன் யூ டாப் திஸ்?'. நேயர் அனுப்பிய ஜோக் வாசிக்கப்படும். அரங்கச் சிரிப்பைக் கருவி ஒன்று அளக்கும். பேனலில் இருப்பவர்கள் அதே தலைப்பில் வேறு ஜோக் சொல்லி அந்த அளவைத் தாண்டப் பார்ப்பார்கள். தலைப்பு கொடுத்தால் ஜோக் வர வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. பாதியில் பறிப்பது மட்டும் அங்கே கிடையாது.

ஜூன் 6, இரவு

புள்ளிக் கணக்கு கேட்டவருக்கு. விழாவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: முழுதாகச் சொல்லி முடித்தால் 1, பறித்துச் சரியாக முடித்தால் 2, தவறாகப் பறித்தால் கழித்தல் 1, பறிக்கப்பட்டவர் தொடரலாம்.

ஜூன் 7

நேரக் கணக்கு. அன்றைய ஐடிவியில் விளம்பரம் மணிக்குச் சராசரி 6 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அரை மணி இடத்தில் விளம்பரமும் அறிவிப்பும் போக நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 25 நிமிடம், நடுவில் ஓர் இடைவேளை. அறிமுகத்துக்கும் முடிவுக்கும் 3 நிமிடம் கழித்தால் 22.

ஒரு முறைக்கு ஆகும் நேரம்: அட்டை வாசிக்க 10 நொடி, ஜோக் 40 நொடி, சிரிப்பும் வாக்குவாதமும் புள்ளியும் 25 நொடி. மொத்தம் 75. 22 நிமிடத்தில் 17 முறை. ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 18 வேண்டும், ஒன்று குறைகிறது. ஆகவே யாராவது ஒருவர் ஒரே ஒரு நீண்ட கதை சொன்னால்கூட இன்னொருவரின் முறை காணாமல் போகும். பதிவுசெய்த நிகழ்ச்சியில் கூடுதலாக எடுத்து வெட்டலாம், மேடையில் முடியாது. விழாவுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள், 18 முறையோடு நிறுத்துங்கள்.

ஜூன் 9

பஸ்ஸர் பெட்டி. யார்க்ஷயர் நிலையத்து மேசைக்கு உள்ளே என்ன இருந்தது என்ற பேச்சு வேறு. அதே விதியை நம் மேசையில் நடத்த எது போதும் என்று சொல்கிறேன். முதலில் அழுத்தியவரின் விளக்கு மட்டும் எரிய வேண்டும், மற்ற ஐந்தும் செத்துப்போக வேண்டும்.

வேண்டியவை: இரட்டை மாற்று முனை கொண்ட 12 வோல்ட் ரிலே (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் முனைகள் மாறும் சுவிட்சு) 6, அதற்கான சாக்கெட் 6, அழுத்தினால் இணையும் பொத்தான் 6, அழுத்தினால் துண்டிக்கும் பொத்தான் 1 (தொகுப்பாளருக்கு), 12 வோல்ட் சிறு விளக்கு 6, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 1.

இணைப்பு: அடாப்டரின் நேர்முனை முதலில் தொகுப்பாளரின் துண்டிப்புப் பொத்தானுக்குப் போகட்டும். அங்கிருந்து இரண்டு கம்பி. ஒன்று 'பிடிப்புக் கம்பி': ஒவ்வொரு ரிலேயின் திறந்த முனை (ஓய்வில் திறந்திருப்பது) வழியாக அதே ரிலேயின் சுருளுக்கு. இன்னொன்று 'தொடக்கக் கம்பி': ஆறு ரிலேக்களின் மூடிய முனைகள் (ஓய்வில் மூடியிருப்பவை) வழியாக வரிசையாகக் கடந்து, கடைசியில் ஆறு பொத்தான்களுக்கும் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் சுருளுக்கு. விளக்கு சுருளோடு இணையாக, சுருள்களின் மறுமுனை அடாப்டரின் எதிர்முனைக்கு.

ஒருவர் அழுத்தினால் அவர் ரிலே இழுக்கும். திறந்த முனை மூடித் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். மூடிய முனை திறந்து தொடக்கக் கம்பி அறும். மற்றவர் அழுத்தினாலும் மின்சாரம் இல்லை. புள்ளி சொல்லி முடித்ததும் தொகுப்பாளர் ஒருமுறை அழுத்தினால் எல்லாம் விடுபடும்.

ஜூன் 10

நேற்றைய மின்சுற்றில் ஓட்டை இருக்கிறது. செய்து பார்த்தவர் சொன்னது முற்றிலும் சரி: முதலில் அழுத்தியவர் விரலை எடுக்காமல் இருந்தால் இரண்டாவது ஆளின் விளக்கும் எரிகிறது.

காரணம்: தொடக்கக் கம்பி ரிலே முனையில் அறுந்தாலும் ஆறு பொத்தான்களும் அந்தக் கம்பியின் கடைசிப் பகுதியில் ஒன்றாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. முதல் ஆளின் சுருளில் பிடிப்புக் கம்பி வழியாக 12 வோல்ட் நிற்கிறது. அவர் பொத்தான் இன்னும் மூடியிருப்பதால் அந்த 12 வோல்ட் பின்னோக்கி ஏறிப் பொதுப் பகுதிக்கு வருகிறது. இரண்டாவது ஆள் அழுத்தியதும் அங்கிருந்து அவருக்குப் பாய்கிறது. ஆட்டச் சூட்டில் யாரும் விரலை உடனே எடுக்க மாட்டார்கள், ஆகவே இது அடிக்கடி நடக்கும்.

மருந்து: ஒவ்வொரு பொத்தானுக்கும் சுருளுக்கும் நடுவில் 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) ஒன்று, வெள்ளிக் கோடு சுருள் பக்கம். ஆறு டயோடு போதும். பின்னோக்கி ஏறுவது நின்றுவிடும். இதை நேற்றே பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும்.

ஓசைக்குத் தனி பஸ்ஸர் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ரிலே பிடித்திருக்கும்வரை அது கத்திக்கொண்டே இருக்கும், பறித்தவர் சொல்லும் பஞ்ச் யார் காதிலும் விழாது. பஞ்ச் கேட்காவிட்டால் முழு முறையும் வீண். விளக்கு எரிந்ததும் தொகுப்பாளர் மேசை மணியை ஒருமுறை தட்டட்டும். 1959-இல் தொடங்கிய 'ஜூக் பாக்ஸ் ஜூரி'யில் டேவிட் ஜேக்கப்ஸ் இப்படித்தான்: பாட்டு வெற்றி என்றால் மணி, தோல்வி என்றால் ஊதல். இரண்டும் குட்டையான ஒலி, ஒன்றோடொன்று குழம்பாது.

ஜூன் 12

ஜூன் 4-இல் பறிப்பவரின் பக்கத்தை மட்டும் பேசினேன். சொல்பவர் தன் ஜோக்கை எப்படிக் காப்பாற்றிக்கொள்வார் என்பதைத் தொடவில்லை. அது இன்னும் சுவையானது.

டெட் ரேயின் வழி வேகம். வயலின் வாசிப்பில் தொடங்கி, ஒற்றை வரி ஜோக்குகளுக்குப் பேர் போனவர். மூன்று நொடியில் தொடங்கி முடிந்துவிடும் ஜோக்கில் அழுத்துவதற்குச் சன்னலே கிடையாது. எதிரணி தலைப்பைப் புரிந்துகொள்வதற்குள் அவர் உட்கார்ந்துவிடுவார்.

லெஸ் டாசன் நேர்மாறு. நட்சத்திரங்களையும் வானத்தையும் பற்றிச் செய்யுள்நடையில் ஆரம்பிப்பார், வார்த்தைமேல் வார்த்தையாக அடுக்குவார், முகம் இழவு வீட்டில் இருப்பவர்போல் தொங்கும், கடைசியில் கழிப்பறைக் கூரைக்கோ மாமியாருக்கோ தொப்பென்று விழுவார். அங்கே சிரிப்பு வழி நெடுக இருக்கிறது, பஞ்ச் அதன் கடைசித் துண்டு மட்டும். எதிரணி பஞ்சைப் பறித்தாலும் சிரிப்பின் பெரும் பகுதி ஏற்கெனவே டாசன் கைக்குப் போயிருக்கும். புள்ளி அவர்களுக்கு, அரங்கம் இவருக்கு. தவிர, அத்தனை அலங்காரத்துக்குள் எந்தப் பழைய ஜோக் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கடினம்.

ஆக, குட்டையாகச் சொல், இல்லையேல் பாதையிலேயே சிரிக்க வை. நடுத்தர நீளத்தில், சிரிப்பு முழுவதையும் கடைசி வரியில் வைத்திருக்கும் ஜோக்தான் பறிபோகும். உங்கள் ஆறு பேருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் சுற்றில் அவர்களே கண்டுபிடிப்பதைப் பார்ப்பது தனி இன்பம்.

ஜூன் 12, இரவு

மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ஜான் கிளீஸ் ஜோக்கர்ஸ் வைல்டுக்கு வந்தாரா என்றால், வந்தார். ஜோக் சொல்வதைத் தொழிலாக வைத்துக்கொள்ளாத, காட்சி எழுதி நடிக்கும் தலைமுறை அவர். டாசனுக்குப் பக்கத்தில் அந்தத் தலைமுறையை வைத்துப் பார்த்தால் பிரிட்டிஷ் நகைச்சுவை எங்கே திரும்பியது என்பது கண்முன் தெரியும்.

ஜூன் 14

'ஜஸ்ட் எ மினிட்' என்ற பிபிசி வானொலி ஆட்டம் இதே வகைதானே என்று கேட்டவருக்கு: உறவு உண்டு, உடன்பிறப்பு இல்லை. இயான் மெசிட்டர் 1951-இல் வானொலிக்குச் செய்த 'ஒன் மினிட் ப்ளீஸ்' அதன் மூதாதை. 1967 டிசம்பர் 22-இல் ஜஸ்ட் எ மினிட் வந்தது. கொடுத்த தலைப்பில் 60 நொடி, தயங்காமல், திரும்பச் சொல்லாமல், விலகாமல் பேச வேண்டும். குறுக்கிட்டவர் சொன்னது சரியென்றால் அவருக்குப் புள்ளி, மிச்ச நேரமும் அவருக்கே. தவறென்றால் பேசியவருக்குப் புள்ளி. 60 நொடி முடிந்து ஊதல் ஊதும்போது யார் பேசிக்கொண்டிருக்கிறாரோ அவருக்கு இன்னொன்று.

இரண்டிலும் குறுக்கீடுதான் உயிர். ஆனால் ஜஸ்ட் எ மினிட்டில் குறுக்கிடுபவர் பிழையைப் பிடிக்கிறார், ஜோக்கர்ஸ் வைல்டில் சரக்கைப் பிடிக்கிறார். பிழைக்கு எல்லையே இல்லை. மனிதர் பேசும்வரை தயக்கம் இருக்கும், அதனால் அந்த ஆட்டம் பல பத்தாண்டுகள் ஓடியது. சரக்கு தீரும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று, வாரத்துக்கு 18. ஐந்து வாரத்தில் 90 ஜோக். எவ்வளவு பெரிய சேமிப்பானாலும் கரையும்.

நேற்று ஒருவர் கேட்ட 'கால் மை பிளஃப்' 1965-இல் பிபிசி 2-இல் தொடங்கியது. யாருக்கும் தெரியாத ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் சொல்வார்கள், ஒன்றே உண்மை. அங்கே சரக்கை அகராதி கொடுக்கிறது, அதனால் அதுவும் நீடித்தது.

ஜூன் 15

ஜூன் 6-இல் சொன்ன கழித்தல் 1-ஐ எடுத்துவிடுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அது பயத்தைக் கொடுக்கும். ஒருமுறை கழிந்தால் அடுத்து யாரும் பொத்தானைத் தொட மாட்டார்கள், அப்புறம் வரிசையாக ஜோக் சொல்லும் கூட்டமாகிவிடும். தவறாகப் பறித்தால் புள்ளி இல்லை. அந்தத் தவறான பறிப்புக்குப் பின் தொடர்ந்து முடித்தவருக்கு 1-க்குப் பதில் 2. இதனால் குறுக்கீடு தடைபடாது, அசட்டுக் குறுக்கீட்டுக்கு விலையும் இருக்கும்.

ஜூன் 16

ஜோக்கர்ஸ் வைல்டை இன்று பார்த்தால் நெருடுகிறது என்று எழுதியவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. பேனல் பெரும்பாலும் ஆண்கள். மாமியார், மனைவி, வேற்று நாட்டார், குண்டானவர் என்று பேனலுக்கு வெளியே இருப்பவர்களே ஜோக்கின் இலக்கு. எல்லோருக்கும் தெரிந்த ஜோக் என்றால் அதில் எல்லோருக்கும் பழகிப்போன இளக்காரமும் சேர்ந்தே வரும். ஆட்டத்தின் விதியே பழையதைக் கேட்கிறது, புதிய கண் அங்கே நுழைய வழி குறைவு. எண்பதுகளில் வந்த புதுத் தலைமுறை பொதுச் சரக்கு ஜோக்கையே ஒதுக்கிச் சொந்தமாக எழுதியதைத்தான் சொன்னது. அடுத்தவர் ஜோக்கை முடித்துக்காட்டுவது அதுவரை வித்தை, அதன்பின் திருட்டு. அந்த மாற்றத்துக்குப் பிறகு இந்த ஆட்டத்தை அதே வடிவில் திரும்பக் கொண்டுவருவது கடினம். 1990-இல் வந்த 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' செய்தியைச் சரக்காக்கிக்கொண்டது, வாரா வாரம் புதிதாகக் கிடைப்பதால்.

ஜூன் 18

ஜோக்கர்ஸ் வைல்டின் பழைய பதிவுகளின் காலத்தைக் கணிப்பது பற்றி. வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஐடிவி 1969 நவம்பர் 15-இல் வண்ணத்துக்குப் போனது. ஆனால் 1970 நவம்பரிலிருந்து 1971 பிப்ரவரி வரை ஊதியத் தகராறில் தொழில்நுட்பப் பணியாளர்கள் வண்ணக் கருவிகளை இயக்க மறுத்தார்கள். அந்த மாதங்களில் ஐடிவி நிறுவனங்கள் எடுத்தவை கறுப்பு வெள்ளை. ஆகவே கறுப்பு வெள்ளைப் பதிவு 1969-ஆகவும் இருக்கலாம், 1971 தொடக்கமாகவும் இருக்கலாம்.

யார்க்ஷயர் டெலிவிஷனுக்கு 1969 கஷ்டமான ஆண்டு. லீட்ஸ் கர்க்ஸ்டால் சாலையில் நிலையம் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. மார்ச் 19 அன்று பனிக்கட்டி உறைந்த பாரத்தில் எம்லி மூர் ஒளிபரப்புக் கம்பம், 385 மீட்டர் உயரம், சரிந்து விழுந்தது. தற்காலிகக் கம்பம் வைத்து ஓட்டினார்கள். ஜோக்கர்ஸ் வைல்ட் அதே ஆண்டில்தான் பிறந்தது. கிரையருக்கு லீட்ஸ் சொந்த ஊர் என்பதும் இதில் ஒரு பொருத்தம்.

ஜூன் 18, இரவு

கிரையரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். அடிப்படையில் எழுத்தாளர் அவர். மோர்கம், வைஸ் நகைச்சுவை இரட்டையருக்கும் டூ ரானீஸ் இரட்டையருக்கும் எழுதியவர். ரே கேமரனோடு சேர்ந்து பிறகு நகைச்சுவைக்காரர் கென்னி எவரெட்டுக்கும் எழுதினார். ஆறு பேர் சொல்லும் ஜோக்கும் தெரிந்த ஏழாவது ஆள் தலைவர் நாற்காலியில் இருந்ததால்தான் தீர்ப்பு உடனே வந்தது. 1972-இல் 'ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ' வானொலியில் தொடங்கியபோது முதல் தொடரில் சில பகுதிகளை அவரே நடத்தினார், பிறகு பேனலுக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் இருந்தார். 2022 ஜனவரியில் காலமானார்.

உங்கள் விழாவில் தலைவராக ஒரு பேராசிரியரையோ சிறப்பு விருந்தினரையோ உட்காரவைக்காதீர்கள். கல்லூரியில் அதிக ஜோக் தெரிந்தவர் யாரோ அவரை உட்காரவையுங்கள். ஆட அனுமதிக்கவில்லையே என்று அவர் வருத்தப்படுவார், பரவாயில்லை.

ஜூன் 20

தலைப்பு அட்டைகள். 18 முறைக்கு 30 அட்டை எழுதுங்கள். ஆறு அட்டையாவது யாருக்கும் ஒன்றும் தோன்றாமல் விழும்.

அகலமான தலைப்பு வேண்டாம். 'வாழ்க்கை', 'அன்பு' என்றால் எந்த ஜோக்கையும் அதில் ஒட்டவைக்கலாம், எதிரணியால் எதையும் ஊகிக்க முடியாது. மிகக் குறுகியதும் வேண்டாம். 'தபால்காரரின் சைக்கிள் மணி' என்றால் யாருக்கும் வராது. ஓர் இடம், ஒரு தொழில், ஒரு பிராணி இந்த அளவு சரி: மருத்துவர், முடிதிருத்தகம், ரயில், உணவகம், கிளி, வக்கீல், தேர்வு. சொன்னவுடனே கேட்பவர் மனதில் ஐந்தாறு ஜோக் வரிசையில் நிற்க வேண்டும். அப்போதுதான் எதிரணி முதல் வரியிலிருந்தே வேட்டையைத் தொடங்கும்.

தலைப்பை ஒரு நாள் முன்னதாகக் கொடுக்கலாமா என்றால், கூடாது. கொடுத்தால் ஆளுக்கு ஓர் ஒத்திகை ஜோக்கோடு வருவார்கள், எதிரணியும் அதே தலைப்பில் எல்லாவற்றையும் படித்துவைத்திருக்கும், முதல் வரியிலேயே எல்லா ஜோக்கும் பறிபோகும்.

ஜூன் 27

விழா முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், பெட்டி வேலை செய்தது என்பதில் மகிழ்ச்சி. சண்டை வந்த அந்த முறைக்குத் தீர்ப்பு: பறித்தவர் சொன்ன பஞ்ச், சொல்பவர் நினைத்த பஞ்ச் அல்ல. ஆனால் அதைவிட நன்றாக இருந்தது, அரங்கம் அதிர்ந்தது. யாருக்குப் புள்ளி?

முதலில் சொல்பவரின் முடிவை அவர் வாயால் முழுதாகச் சொல்லவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் தலைவர் தீர்ப்புச் சொன்னதுதான் சண்டைக்குக் காரணம். சொன்னபின் இரண்டும் ஒரே ஜோக்கின் இரண்டு வடிவம் என்றால் பறித்தவருக்கு 2. வேறு ஜோக் என்றால் பறிப்பு செல்லாது, சொல்பவருக்கு 2, பறித்தவருக்குச் சிரிப்பு மட்டும். ஃபீஸை முதலில் கட்டச் சொன்ன டாக்டரும் 'எத்தனை நாளா' என்று கேட்ட டாக்டரும் வேறு வேறு டாக்டர்கள்.